கணினி கண்டுகொள்ளாத வெளி ஹார்ட் டிஸ்க்: ஏற்காட்டிலிருந்து மலையிறங்கும் முன் செய்ய வேண்டியவை

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஏழு ஆண்டுகளின் கூலிப் பதிவேடு, மிளகு விற்ற சீட்டுகள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள், என் தாயாரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் எடுத்த புகைப்படங்கள் ஆகிய அனைத்தையும் 1 டிபி கொள்ளளவுள்ள ஒரே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். மே மாதத்தில் இடிமழை பெய்த ஒரு மாலை, கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிட்டது. மறுநாள் டிஸ்க்கைச் செருகினால், விளக்கு எரிந்ததே தவிர கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. ஃபார்மட் செய்யும்படி கணினி கேட்டது.

பதற்றத்தில் அன்றே சேலத்துக்கு இறங்கி, முதலில் கண்ணில் பட்ட கடையில் கொடுத்தேன். அவர்கள் என்னிடம் கேட்காமலேயே பழுதுநீக்கும் கட்டளை ஒன்றை ஓட்டியதில், பாதிக் கோப்புறைகள் பெயரிழந்து எண்களாக மாறிவிட்டன. எல்லாம் கைக்கு வந்து சேர ஏழு வாரங்களும், நான்கு பயணங்களும், 18,000 ரூபாயும் ஆயின. அவற்றில் மூன்று பயணங்களும் பணத்தின் பெரும்பகுதியும் தேவையே இல்லாதவை என்பதை இப்போது அறிவேன். அதே நிலையில் இருக்கும் உங்களுக்கு அவை மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். தரவின் நகல் வேறோர் இடத்தில் பத்திரமாகச் சேரும் வரை, பழுதான டிஸ்க்கின் மீது எதையும் எழுதக் கூடாது. ஃபார்மட் செய்வது, இனிஷியலைஸ் செய்வது (புதிய டிஸ்க்கைப் போலத் தயார்ப்படுத்துவது), பழுதுநீக்குவது ஆகிய மூன்றுமே எழுதும் செயல்கள்தாம். கீழே உள்ள படிகளைத் தீங்கற்றவை முதலிலும் செலவானவை பிறகும் வருமாறு அடுக்கியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. செருகியவுடன் காது கொடுங்கள்

அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு டிஸ்க்கைச் செருகுங்கள். உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் மெல்லிய ரீங்காரம் சீராகக் கேட்டால், இயந்திரப் பகுதி பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். எந்தச் சத்தமும் அதிர்வும் இல்லை என்றால், மின்சாரம் போதாமல் இருக்கலாம் அல்லது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை பழுதாகியிருக்கலாம். சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று தட்டும் ஓசையோ, உலோகம் உரசும் ஓசையோ கேட்டால் உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள். தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் எழும் ஓசை அது. ஒவ்வொரு முயற்சியிலும் தட்டின் மேற்பரப்பு கீறப்படக்கூடும். அந்த ஓசையைக் கேட்டவர்கள் நடுவிலுள்ள எந்தப் படியையும் முயலாமல் நேரே 7ஆம் படிக்குச் செல்லுங்கள்.

டிஸ்க் மழையில் நனைந்திருந்தால் காய்ந்துவிட்டது என்று நம்பி மின்சாரம் கொடுக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்பவர்களின் பேச்சையும் கேட்க வேண்டாம். உள்ளே ஈரம் படிந்து, மிச்சமிருக்கும் தரவும் போய்விடும். மலையின் உயரத்தைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்டார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதுவாக இந்த டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும்படியே செய்யப்படுகின்றன. ஆகவே உயரத்தின் மீது பழி போட வேண்டியதில்லை.

2. கேபிள், போர்ட், மின்சாரம்

கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. அது கணினியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியரும் தர வேண்டும் என்பது விதி. தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் டிஸ்க்குக்கு மிக அதிகமாக மின்சாரம் தேவைப்படுகிறது. பழைய போர்ட்டோ, நீளமான மெல்லிய கேபிளோ அதைத் தர முடியாதபோது டிஸ்க் சுழன்று நின்று மீண்டும் சுழலும்; கணினியும் அதைக் கண்டு கண்டு இழக்கும்.

ஆகவே யூஎஸ்பி ஹப்பை அகற்றிவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் உள்ள போர்ட்டில் செருகுங்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரை இணைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேபிள். மலையில் கேபிள் வாங்கக் கடை தேட வேண்டியிருக்கும் என்பதால் ஒரு வழியைச் சொல்கிறேன். டிஸ்க்கின் பக்கத்தில் இரண்டு பகுதிகளாகப் பிரிந்த அகலமான துளை இருந்தால், அதன் பெரிய பகுதியில் பழைய கைப்பேசியின் மைக்ரோ யூஎஸ்பி கேபிள் சரியாகப் பொருந்தும். வேகம் குறைவாக இருக்கும். ஆனால் பழைய கேபிள்தான் பழுதா என்பதைச் செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கைப்பேசிக் கேபிள் சார்ஜ் மட்டும் செய்யும் வகையாக இல்லாமல், கோப்புகளையும் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். புதிய கேபிள் வாங்குவதானாலும் எனக்கு 250 ரூபாய்தான் ஆயிற்று. பனிமூட்டக் காலத்தில் துளையின் உலோகத் தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தனி அடாப்டர் உள்ள பெரிய 3.5 அங்குல டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட். வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரின் முனையும் அதே துளையில் நுழைந்துவிடக்கூடும். நுழைந்தால் சுற்றுப் பலகை கருகிவிடும். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் படித்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.

3. இன்னொரு கணினியில் பாருங்கள்

உங்கள் கணினியை முதலில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மீண்டும் திறப்பது போதாது. விண்டோஸில் வேகத் தொடக்க (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) வசதி இயங்கினால், அணைத்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே தொடரும். அதன் பின்னும் டிஸ்க் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் பழுது உங்கள் கணினியில் இருக்கிறது. முக்கியமான கோப்புகளை அங்கேயே நகலெடுத்துவிட்டு நிதானமாக வீடு திரும்பலாம். செருகும் கணினியில் வைரஸ் ஸ்கேன் தானாகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். நலிந்த டிஸ்க்கை முழுவதும் படிக்க வைப்பது அதற்குக் கூடுதல் சுமை.

4. டிஸ்க் மேனேஜ்மென்ட் சொல்வதைப் படியுங்கள்

நான் தவறவிட்ட படி இதுதான். ‘இந்தக் கணினி’ பக்கத்தில் டிஸ்க் தெரியாவிட்டால் கணினி அதை அறியவே இல்லை என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் கணினி ஒரு டிஸ்க்கை அறிவதும், அதற்கு டி, ஈ போன்ற ஓர் எழுத்துக் கொடுத்து உங்களுக்குக் காட்டுவதும் இரண்டு தனித்தனி வேலைகள். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் ஒருசேர அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் திறந்தால், கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகத் தெரியும். உங்கள் டிஸ்க்கை அதன் கொள்ளளவை வைத்து அடையாளம் காணுங்கள். 1 டிபி டிஸ்க் அங்கே சுமார் 931 ஜிபி என்று காட்டும்.

‘ஹெல்தி’ என்று எழுதியிருந்தும் பக்கத்தில் எழுத்து இல்லாவிட்டால், உங்கள் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்தக் கட்டத்தின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ என்பதைத் தேர்ந்து, யாரும் பயன்படுத்தாத ஓர் எழுத்தைக் கொடுங்கள். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ‘ஆஃப்லைன்’ என்று இருந்தால் டிஸ்க் எண்ணின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி ‘ஆன்லைன்’ ஆக்கினால் போதும்.

‘ரா’ என்று எழுதியிருந்தால், டிஸ்க்கில் தரவு இருக்கலாம், ஆனால் எது எங்கே இருக்கிறது என்னும் அட்டவணையை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று பொருள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதால் நேர்வது பெரும்பாலும் இதுவே. எனக்கும் இதுவே நேர்ந்தது. ஃபார்மட் செய்யவா என்று கேட்கும் பெட்டி வரும். ‘கேன்சல்’ அழுத்துங்கள். என் மைத்துனர் பக்கத்தில் நின்றுகொண்டு, ஃபார்மட் செய்தால் டிஸ்க் சரியாகிவிடும் என்றார். டிஸ்க் சரியாகும் என்பது உண்மை. உள்ளே இருந்த ஏழு ஆண்டுகள் என்ன ஆகும் என்பதை அவர் எண்ணவில்லை.

‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று வந்து எம்பிஆர், ஜிபிடி என்னும் இரண்டு அமைப்பு முறைகளில் எது வேண்டும் என்று கேட்கும் பெட்டி தோன்றினால், அதற்கும் ‘கேன்சல்’தான். ‘நோ மீடியா’ என்று இருந்தாலோ, கொள்ளளவு தவறாகக் காட்டினாலோ பழுது வன்பொருளில் இருக்கிறது. 7ஆம் படிக்குச் செல்லுங்கள். டிஸ்க்கைச் செருகியதும் இந்தப் பக்கமே திறக்காமல் நிமிடக் கணக்கில் உறைந்து நின்றால், தட்டில் படிக்க முடியாத பகுதிகள் உருவாகியிருக்கக்கூடும். காத்திருக்காமல் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

இந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு கடையில் பேசும்போது இந்த ஒரு படம் பத்து நிமிட விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

டிஸ்க் இங்கே தெரியவே இல்லை என்றால், கணினியில் இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூஎஸ்பி பகுதியில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, கேபிளை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் செருகுங்கள். கோட் 43 என்னும் பிழை எண் திரும்பவும் வந்தால் பெரும்பாலும் கேபிளோ இணைப்புப் பலகையோ காரணம்.

5. ஃபார்மட் கேட்பதெல்லாம் பழுதன்று

மேக் கணினிக்கே உரிய முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. ஃபார்மட் செய்யச் சொல்லும். லினக்ஸுக்கே உரிய முறையில் ஃபார்மட் செய்ததும் அப்படியே. உறவினரோ புகைப்படக் கலைஞரோ கொடுத்த டிஸ்க்காக இருந்தால், எந்தக் கணினியில் பயன்படுத்தினார்கள் என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தால் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ தேவைப்படும். பூட்டியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. சாவி இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் அதைத் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

6. டிஸ்க் தெரிந்துவிட்டால் முதல் வேலை

கோப்புகள் தெரிந்ததும் மகிழ்ச்சியில் அனைத்தையும் ஒருசேர இழுத்துப் போடாதீர்கள். பத்திரங்கள், கணக்குகள் போன்ற சிறிய, திரும்பக் கிடைக்காத கோப்புகளை முதலில் எடுங்கள், பிறகு புகைப்படங்கள், திரைப்படங்கள் கடைசியில். இடையில் நகலெடுக்கும் வேகம் நொடிக்குச் சில கேபி அளவுக்கு விழுந்தால் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். அதில் தட்டின் பழுதான பகுதிகளைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்னும் மூன்று வரிகளும் முக்கியம். அவற்றின் ‘ரா வேல்யூஸ்’ பத்தியில் உள்ள எண் (முன்பு சொன்ன ‘ரா’ நிலை வேறு) பூச்சியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கை இனி எதற்கும் நம்பக் கூடாது.

டிஸ்க் ‘ரா’ நிலையில் இருந்து, இந்த மூன்று வரிகளும் பூச்சியமாக இருந்தால், நீங்களே மீட்க முயலலாம். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசமானவை. முன்னது தொலைந்த பகுதிகளைத் தேடி, உள்ளிருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டு நகலெடுக்க உதவும். பின்னது பெயர்களை விட்டுவிட்டுக் கோப்புகளின் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துத் தரும். டெஸ்ட்டிஸ்கில் ‘ரைட்’ (எழுது) என்னும் கட்டளையைத் தொடாதீர்கள். மீட்ட கோப்புகளைக் கட்டாயம் வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

விண்டோஸின் பழுதுநீக்கும் கட்டளையான செக் டிஸ்க்கை நகல் எடுப்பதற்கு முன் ஓட்டக் கூடாது. அட்டவணையை முரணில்லாமல் ஆக்குவதே அதன் வேலை. உங்கள் கோப்புகளைக் காப்பது அதன் நோக்கமன்று. பொருந்தாத கோப்புறைகளை அது ஃபவுண்ட்.000 என்னும் இடத்தில் எண்களாகக் குவித்துவிடும். நான் தலைசுற்றி நின்றது அந்தக் குவியலின் முன்தான்.

7. மலையிறங்கும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். போய்வர ஒரு நாள் போய்விடும் என்பதால் எதையும் மறந்துவிடாதீர்கள். டிஸ்க், அதன் சொந்தக் கேபிள், அடாப்டர், வாங்கிய பில், உங்கள் அடையாள அட்டையின் நகல், டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தை நீங்கள் எடுத்த படம், எந்தெந்தக் கோப்புறைகள் கட்டாயம் வேண்டும் என்று எழுதிய ஒரு தாள் ஆகியவை தேவை. டிஸ்க்கின் பின்பக்கம் உள்ள சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்ட கோப்புகளைப் போட்டுத் தர, அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள புதிய டிஸ்க் ஒன்று தேவைப்படும். அதைச் சேலத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

அணைந்திருக்கும் கையடக்க டிஸ்க்கில் படிக்கும் முனை பொதுவாகத் தட்டை விட்டு ஒதுங்கியே நிற்கும் என்பதால், தடிமனான துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் பேருந்தின் குலுக்கலைத் தாங்கிவிடும். மார்கழிக் குளிரில் இறங்கினால், குளிர்ந்திருக்கும் டிஸ்க்கின் மீது சேலத்தின் வெப்பக் காற்று பட்டு ஈரம் படியக்கூடும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்து பிறகு இணைக்கச் சொல்லுங்கள். பெருமழைக் காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை அடைபட்டால் குப்பனூர் வழி சுற்ற வேண்டியிருக்கும். அந்த வாரங்களில் திருப்பிப் பெறும் நாளைக் கடையோடு தொலைபேசியில் உறுதி செய்த பின்னரே கிளம்புங்கள்.

8. கடையில் கேட்க வேண்டிய கேள்வி

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை எந்தக் கடையில் ஏறினாலும் முதலில் ஒன்றையே கேளுங்கள்: “முதலில் டிஸ்க்கின் முழு இமேஜ் எடுத்துவிட்டு, அந்த இமேஜின் மீது வேலை செய்வீர்களா?” இமேஜ் என்பது டிஸ்க்கில் உள்ள அனைத்தின் அப்படியே எடுத்த நகல். ஆம் என்று சொல்லி, எப்படி எடுப்பார் என்பதையும் விளக்குபவரிடம் கொடுக்கலாம். டிடி ரெஸ்க்யூ போன்ற மென்பொருள், படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் படிக்க முடியாதவற்றைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும். வேலை தடைபட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நேரே உங்கள் டிஸ்க்கின் மீதே பழுதுநீக்கத் தொடங்குபவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் மேலுறையைக் கழற்றுவதும், உள்ளே இருக்கும் டிஸ்க்கின் உலோக மூடியைத் திறப்பதும் ஒன்றல்ல. மேலுறையைக் கழற்றினால் வாரண்டி போகலாம், ஆனால் தரவு போகாது. உலோக மூடியைச் சாதாரண அறையில் திறந்தால், தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் பறக்கும் முனைக்குக் கீழே தூசி புகுந்துவிடும். அதைத் தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்தில் மட்டுமே திறக்க வேண்டும். மேலுறையைக் கழற்றி வேறு கேபிளில் இணைக்கும் வழி பழைய டிஸ்க்குகளுக்குப் பொருந்தும். சில புதிய டிஸ்க்குகளில் யூஎஸ்பி துளை பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் தரவு அந்தப் பலகை வழியாகவே மறையாக்கப்பட்டிருக்கும் (அது இல்லாமல் படிக்க முடியாது). அதே மாடலின் பலகையை வாங்கி மாற்றினால் போதும் என்பதும் இப்போது பெரும்பாலும் பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதனதன் பலகையில் உள்ள சிப்பில் இருக்கின்றன.

கொடுக்கும்போது வாங்கும் ரசீதில் சீரியல் எண், பழுதின் விவரம், பரிசோதனைக் கட்டணம், உங்கள் ஒப்புதல் இல்லாமல் திறக்கவோ எழுதவோ கூடாது என்னும் வரி ஆகியவை இருக்க வேண்டும். கோப்புகள் மீளாவிட்டால் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள். என்னிடம் முதல் கடையின் ரசீது வெறும் தேதியும் என் பெயரும் உள்ள துண்டுச் சீட்டாக இருந்ததால், அவர்கள் செய்ததை நான் எங்கும் நிறுவ முடியவில்லை.

9. செலவும் நாள்களும்

இயந்திரப் பழுது இல்லாத டிஸ்க்குக்குச் சேலத்தில் எனக்குச் சொல்லப்பட்ட தொகை 4,000 முதல் 7,000 ரூபாய் வரை. நாள்கள் மூன்று முதல் ஏழு. பிறகு நான் டிஸ்க்கைக் கொண்டுபோன பெங்களூரு மீட்பு நிலையத்தில் பரிசோதனைக்குத் தனியாகக் கட்டணம் வாங்கினார்கள். முனை மாற்ற வேண்டியிருந்தால் 25,000 ரூபாயைத் தாண்டும், உதிரி டிஸ்க் கிடைக்கும் வரை வாரங்கள் ஆகும் என்றார்கள். சேலத்திலிருந்து பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர். கூரியரில் அனுப்புவதைவிட ரயிலில் நானே கொண்டுபோனதில் மனம் அமைதியாக இருந்தது. பணம் கட்டும் முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் கேட்டு, உங்கள் தாளில் எழுதியவற்றுள் பத்தையாவது திறந்து பாருங்கள். பெயர் இருந்தும் திறக்காத கோப்புகள் எனக்கு நிறைய வந்தன.

வாரண்டி மீதமிருந்தால் அதையும் கேட்கலாம். ஆனால் வாரண்டி என்பது டிஸ்க்குக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் தரவுக்கு அன்று. பழைய டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தருவார்கள். பழையது உங்களுக்குத் திரும்பி வராது. ஆகையால் தரவை மீட்டு முடிக்கும் வரை அதை அனுப்பாதீர்கள். மீட்பு நிலையத்தில் திறக்கப்போகிறார்கள் என்றால், திறந்த பிறகும் வாரண்டி நிலைக்குமா என்பதை டிஸ்க் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னிடம் இரண்டு டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒன்று நாகலூரில், மற்றொன்று சேலம் அழகாபுரத்தில் என் தங்கை வீட்டில். மாதத்தின் முதல் சனிக்கிழமை சந்தைக்கு இறங்கும்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொன்றின் பெட்டிக்குள்ளும் பில்லின் நகல், சீரியல் எண், வாரண்டி முடியும் தேதி ஆகியவற்றை எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. நகலெடுக்கும்போது மேசைக் கணினியைத் தவிர்த்து, பேட்டரி உள்ள மடிக்கணினியையே பயன்படுத்துகிறேன்.